ஊரறிந்த குற்றம்: அமெரிக்கத் தெற்கின் துப்பறியும் நாவல்கள் முன்வைக்கும் கேள்வி

அமெரிக்கத் தெற்கைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களில் ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார். ஒரு காலத்தில் பெருநகரப் போலீஸில் கொலை வழக்குகளை விசாரித்தவர். பிறகு பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டுச் சதுப்புநிலக் கரைக்கோ மலையடிவாரத்துக்கோ ஒதுங்கிக்கொண்டவர். குடி, போர் நினைவு, கொல்லப்பட்ட மனைவி, தன் கையால் செத்த ஓர் உயிர் என ஏதோவொன்று அவரைத் தூங்கவிடுவதில்லை. உள்ளூர் ஷெரிஃப் வந்து கதவைத் தட்டுகிறார். ஊரில் ஒரு பிணம் கிடக்கிறது. விசாரிக்கத் தெரிந்தவர் அங்கே இவர் ஒருவர்தான். கதை அங்கிருந்து தொடங்குகிறது.

ஷெர்லக் ஹோம்ஸுக்கோ அகதா கிறிஸ்டியின் பாய்ரோவுக்கோ இப்படிப்பட்ட காயம் தேவைப்படவில்லை. ஹோம்ஸுக்குப் போதைப் பழக்கம் உண்டு; ஆனால் வழக்கின் முடிவை அது பாதிப்பதில்லை. தெற்கின் நாவலிலோ காயம்பட்ட மனமே விசாரணைக் கருவி. இது ஏன் என்ற கேள்விக்கு இலக்கிய விமர்சகர்களும் வரலாற்றாளர்களும் சமூக உளவியலாளர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பதில்களைத் தந்திருக்கிறார்கள். சிலர் இந்தக் கேள்வியை நேராகக் கேட்காமலே, தெற்கின் வன்முறையைப் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1860–61இல் ஒன்றியத்திலிருந்து பிரிந்து, அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற 11 மாநிலங்களையே இங்கே முக்கியமாகத் ‘தெற்கு’ என்கிறோம். அந்தத் தோல்வியும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும் எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கின்றன.

எந்தத் தூய்மைக்குத் திரும்புவது?

துப்பறியும் கதையைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒன்றைக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் எழுதினார். அவர் பார்வையில் செவ்வியல் துப்பறியும் கதைக்கு ஒரு சமயச் சடங்கின் வடிவம் இருக்கிறது. முதலில் குற்றமறியாத ஓர் ஊர். அங்கே ஒரு கொலை. எல்லோர்மீதும் சந்தேக நிழல் விழுகிறது. வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர் ஒரே ஒரு குற்றவாளியைச் சுட்டிக்காட்டுகிறார். அவன் நீக்கப்பட்டதும் ஊர் மறுபடி தூய்மை அடைகிறது. வாசகருக்குக் கிடைக்கும் நிம்மதியும் அதுதான்.

ஆங்கிலேயக் கிராமத்துக்கும் அதன் பாதிரியார் வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. தெற்கில் அது முதல் படியிலேயே தடுமாறுகிறது. கொலைக்கு முன் அந்த ஊர் தூய்மையாக இருந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. ஆடன் கட்டுரைக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1894இல், மார்க் ட்வெய்ன் தன் ‘புட்டன்ஹெட் வில்சன்’ நாவலில் இதைக் காட்டிவிட்டார். ரோக்சி என்ற அடிமைப் பெண் பார்ப்பதற்கு வெள்ளைக்காரிபோல் இருப்பவள். தன் குழந்தை தெற்கே விற்கப்படுமோ என்ற அச்சத்தில், எஜமானின் குழந்தையோடு அதைத் தொட்டில் மாற்றிவிடுகிறாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து ஒரு நீதிபதி கொல்லப்படும்போது, ஊரார் பைத்தியக்காரன் என்று ஒதுக்கி வைத்திருந்த வழக்கறிஞர் வில்சன், தான் கண்ணாடித் துண்டுகளில் சேகரித்து வைத்திருந்த கைரேகைகளைக் கொண்டு உண்மையை நிறுவுகிறார். கைரேகையைச் சான்றாகப் பயன்படுத்திய முன்னோடிப் புனைவுகளுள் இதுவும் ஒன்று.

அந்த உண்மை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். கொலையாளி சட்டப்படி அடிமை என்று தெரிந்ததும் அவன் தூக்கிலிடப்படவில்லை. அவன் ஒரு சொத்து. கடன்காரர்களுக்குச் சேர வேண்டியவன். ஆகவே மன்னிக்கப்பட்டுத் தெற்கே விற்கப்படுகிறான். உரிமை மீண்ட உண்மையான வாரிசுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளையர் வீட்டுக் கூடத்தில் உட்காரவும் அவனால் முடியவில்லை. துப்பறிவு வெற்றி பெறுகிறது, ஒழுங்கு மீள்கிறது, மீண்ட ஒழுங்கு அடிமை முறை. ஆடனின் வடிவத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு பின்னால் வந்ததாகத் தெரியவில்லை. வில்சன் மனம் உடைந்தவரல்ல. இறுதியில் ஊர் அவரைக் கொண்டாடுகிறது. அவர் உடையாததே அந்த நாவலின் மிகக் கசப்பான செய்தி என்று வாசிக்கலாம்.

மண்ணின் சாபம்

இரண்டாவது விளக்கம் காதிக் மரபிலிருந்து வருகிறது. 1930களில் கால்ட்வெல், ஃபாக்னர் போன்றோர் எழுதிய சிதிலமும் வன்முறையும் நிறைந்த கதைகளை, நாவலாசிரியர் எலன் கிளாஸ்கோ 1935இல் ‘தெற்கத்திய காதிக்’ என்று குறைசொல்லும் தொனியில் குறிப்பிட்டார். பின்னாளில் அதுவே பெருமைக்குரிய பெயராக நிலைத்துவிட்டது. இந்தப் பார்வையில் தெற்கின் நிலமே பேய் பிடித்த வீடு. தாத்தா செய்தது பேரன் தலையில் விழும். துப்பறிவாளன் அந்த வீட்டுக்குள் பிறந்தவன். ஆகவே அவனும் சாபத்தில் பங்காளி.

வில்லியம் ஃபாக்னர் துப்பறியும் கதையை விளையாட்டாகத் தொட்டவரல்ல. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர்களில் அவர் ஒருவர். எல்லரி குவீன் இதழ் நடத்திய சிறுகதைப் போட்டியில் 1946இல் இரண்டாம் பரிசு பெற்றவர். கேவின் ஸ்டீவன்ஸ் என்ற படித்த வழக்கறிஞரை வைத்து எழுதிய துப்பறியும் கதைகளை 1949இல் ‘நைட்ஸ் கேம்பிட்’ தொகுப்பாகக் கொண்டுவந்தார். ஆனால் இந்த மரபின் மையப் படைப்பு, ஆடன் கட்டுரை வெளியான அதே 1948இல் வந்த ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’. லூகஸ் போஷாம் என்ற கறுப்பின முதியவர் ஒரு வெள்ளையனைக் கொன்றதாகச் சிறையில் இருக்கிறார். கும்பல் வந்து அவரை இழுத்துப்போகும் என்று ஊரே காத்திருக்கிறது. நியாயவானான ஸ்டீவன்ஸ்கூட அவர் கொன்றிருப்பார் என்றே முதலில் நம்புகிறார். ஒரு வெள்ளைச் சிறுவன், அவன் தோழனான ஒரு கறுப்பினச் சிறுவன், எழுபது வயதான ஒரு மூதாட்டி ஆகிய மூவர்தான் இரவோடு இரவாகக் கல்லறையைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள். உள்ளே இருக்க வேண்டியவனுக்குப் பதில் வேறொருவனின் பிணம் கிடக்கிறது.

துப்பு துலக்குவது என்பது இங்கே மண்வெட்டியால் மண்ணைத் தோண்டும் வேலை. அதற்குப் பட்டப் படிப்பைவிட, ஊர் ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்பைச் சந்தேகிக்கும் துணிவு போதும். நாவலின் பிற்பகுதியில் இந்தத் தெளிவு மங்குகிறது. தெற்கின் அநீதியைத் தெற்கே திருத்திக்கொள்ளும், வடக்கு தலையிடக் கூடாது என்று ஸ்டீவன்ஸ் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். வெளியான காலத்திலேயே விமர்சகர் எட்மண்ட் வில்சன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் இன்றும் செல்லும்.

வரலாற்றாளர் சி. வான் உட்வர்ட் 1950களில் இந்தப் பார்வைக்கு வேறொரு அடித்தளம் தந்தார். அமெரிக்காவின் மற்றப் பகுதிகள் வெற்றியும் செழிப்பும் குற்றமற்ற தன்மையுமே தங்கள் வரலாறு என்று நம்பி வளர்ந்தன. தெற்கோ தோல்வியையும் வறுமையையும் குற்றவுணர்வையும் அனுபவித்து அறிந்த பகுதி என்றார் அவர். உடைந்த துப்பறிவாளன் அப்போது தெற்கின் உருவகமாகிறான்: அமெரிக்கக் கனவுக்குள் தோல்வியைச் சுமந்து நடப்பவன்.

அழகான விளக்கம். ஆனால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. உட்வர்ட் சொல்லும் தோல்வி வெள்ளையரின் தோல்வி. 1865இல் சுமார் 40 லட்சம் அடிமைகளுக்கு அது விடுதலை. இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. சாபத்துக்குக் குற்றவாளி கிடையாது. மண்ணே கெட்டது என்று சொல்லிவிட்டால் கயிற்றைக் கட்டியவன், துப்பாக்கி எடுத்தவன், பார்த்துக்கொண்டு நின்றவன் எல்லோரும் வானிலைபோல் ஆகிவிடுகிறார்கள். குற்றப் புனைவு என்ற வடிவம் ஒரு பெயரைக் கேட்கிறது. காதிக் மரபு அந்தப் பெயரை மூடுபனியில் கரைத்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

மானமும் வன்முறையும்

சமூக அறிவியல் தரும் பதில் வேறு. தெற்கில் கொலைகள் அதிகம் என்பதை எச். வி. ரெட்ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் 1880லேயே வடக்கோடு ஒப்பிட்டு ஒரு நூலாக எழுதினார். 1941இல் டபிள்யூ. ஜே. கேஷ் அந்த வன்முறையைத் தெற்கின் மனப்பாங்கோடு இணைத்தார். 1996இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டவ் கோஹன் ஆகிய உளவியலாளர்கள் ‘மானப் பண்பாடு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அரசின் கை எட்டாத எல்லையோரங்களில் கால்நடை வளர்த்துப் பிழைத்த ஸ்காட்டிஷ்-ஐரிஷ் குடியேறிகள், அவமதிப்புக்கு உடனே பதிலடி தந்தால்தான் மந்தையைக் காக்க முடியும் என்ற பழக்கத்தைத் தெற்குக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வாதம். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களை நடைவழியில் ஒருவர் வேண்டுமென்றே இடித்து வசைபாடிச் செல்ல, அதன்பின் அவர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். தெற்கிலிருந்து வந்த மாணவர்களிடம் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் கூடுதலாக உயர்ந்திருந்தது.

டேனியல் உட்ரெல் எழுதிய ‘வின்டர்ஸ் போன்’ போன்ற மலைநாட்டு நாவல்களைப் படிக்கும்போது இந்தக் கோட்பாடு உதவுகிறது. அங்கே குடும்பப் பெயரே சட்டம். போலீஸிடம் பேசுவதே துரோகம். ஆனால் சொந்த மானத்துக்காக நடக்கும் கைகலப்பை விளக்கும் இந்தக் கோட்பாடு, ஓர் இனத்தை அடக்கி வைப்பதற்காகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட வன்முறையை விளக்கப் போதாது. ஆட்டு மந்தைக்கும் பருத்தித் தோட்டத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அது கடக்கவில்லை.

பேட்ஜைக் கழற்றியவர்கள்

இலக்கிய வரலாற்றாளர்கள் சிலர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் இது வடிவம் சார்ந்த விஷயம். ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சீரழிந்த நகரத்தில் கறைபடாமல் நடக்கும் தனியாளாகத் துப்பறிவாளனை வரைந்தார். அந்தத் தனியார் துப்பறிவாளனுக்குக் கிராமத்தில் அலுவலகமும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. அவனைக் கவுண்டிச் சாலைக்குக் கொண்டுவர ஒரு காரணம் வேண்டும். ‘முன்னாள்’ என்ற நிலை அந்தக் காரணத்தைத் தருகிறது. போலீஸின் திறமை அவனிடம் இருக்கும். போலீஸின் கட்டுப்பாடு இருக்காது. எங்கிருந்தோ வந்தவன் என்பதால் ஊரைப் புதிதாகப் பார்ப்பான். அங்கேயே தங்கிவிட்டதால் விலகியும் போக முடியாது.

ஜேம்ஸ் சாலிஸின் ‘சைப்ரஸ் குரோவ்’ (2003) இதற்குக் கச்சிதமான உதாரணம். டர்னர் மெம்ஃபிஸில் போலீஸாக இருந்தவர், பிறகு கைதி, பிறகு மனநல ஆலோசகர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு டென்னசியின் கிராமப்புறத்தில் ஒரு குடிலில் இருக்கிறார். ஷெரிஃப் லோனி பேட்ஸ் அவரைத் தேடி வருகிறார். அத்தியாயங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிகழ்கால வழக்கும் கடந்தகால வாழ்வுமாக நகர்கின்றன. கொலையாளி யார் என்ற ஆர்வத்தைவிட, இந்த மனிதர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்ற ஆர்வமே வாசகரை இழுத்துச் செல்கிறது. துப்பறிய வேண்டிய பொருள் துப்பறிவாளரே.

இந்த வகையின் பெரும் உருவம் ஜேம்ஸ் லீ பர்க் படைத்த டேவ் ராபிஷோ. 1987இல் ‘தி நியான் ரெயின்’ நாவலில் நியூ ஆர்லியன்ஸ் கொலைப் பிரிவு அதிகாரியாக அறிமுகமாகிறார். வியட்நாம் போரில் இருந்தவர், குடிநோயிலிருந்து மீளப் போராடுபவர், கத்தோலிக்கர். அடுத்த நாவலிலேயே வேலையை விட்டுவிட்டு நியூ ஐபீரியா அருகே நீரோடைக் கரையில் தூண்டில் இரை விற்கும் கடையும் வாடகைப் படகுகளும் வைத்துக்கொண்டிருக்கிறார். அமைதி நீடிப்பதில்லை. மனைவி ஆனி கொல்லப்படுகிறாள். பழிதீர்க்கும் வெறி அவரை மறுபடி பேட்ஜிடம் கொண்டுவருகிறது. பிந்தைய நாவல்கள் முழுக்க இந்த ஊசலாட்டம்தான்: பேட்ஜை எடுப்பதும் கழற்றுவதும், பாட்டிலைத் தொடுவதும் விடுவதும்.

பர்க்கின் சாதனையாக 1993இல் வந்த ‘இன் தி எலெக்ட்ரிக் மிஸ்ட் வித் கான்ஃபெடரேட் டெட்’ நாவலைச் சொல்ல வேண்டும். இளம் பெண்களைக் கொல்லும் ஒருவனைத் தேடும்போது, அட்சஃபலயா சதுப்பில் சங்கிலியோடு ஓர் எலும்புக்கூடு கிடைத்திருப்பது ராபிஷோவுக்குத் தெரியவருகிறது. அது யாருடையது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1957இல், இளைஞனாக இருந்தபோது, சங்கிலியிட்ட ஒரு கறுப்பினத்தவரை இரண்டு வெள்ளையர் சுட்டுக்கொன்றதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். யாரும் அதை விசாரிக்கவில்லை. ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தனக்குத் தெரிந்த ஒன்று சேற்றிலிருந்து மேலெழும்போது, அவர் அதற்குச் சாட்சியாக நிற்க வேண்டியிருக்கிறது. மூடுபனியில், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் (கான்ஃபெடரேட்) படைத் தளபதி ஜான் பெல் ஹூடின் ஆவியும் அவரோடு வந்து பேசுகிறது. தோற்றுப்போன படையின் பேயையும் கொல்லப்பட்ட கறுப்பினக் கைதியின் எலும்பையும் ஒரே சதுப்பில் வைத்தது துணிச்சலான செயல். ஆனால் தளபதிக்குக் குரல் கிடைக்கிறது, கைதிக்கு எலும்பு மட்டுமே மிஞ்சுகிறது என்ற சமமின்மையை வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

உடைந்த துப்பறிவாளனைப் பற்றிய இக்கட்டுரையின் முதன்மைக் கணிப்பை இந்த நாவலே தருகிறது. தெற்கின் பெருங்குற்றங்களில் யார் செய்தார் என்பது பெரும்பாலும் மர்மம் அல்ல. 1877 முதல் 1950 வரை கறுப்பினத்தவர்மீது நடந்த 4,400க்கும் மேற்பட்ட கும்பல் கொலைகளை ‘ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. அவற்றில் பல, கூட்டம் கூடி வேடிக்கை பார்க்க நடந்தவை. படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்றதும் உண்டு. இருந்தும் பிரேத விசாரணை ஜூரிகள் ‘அடையாளம் தெரியாத நபர்களால்’ மரணம் நேர்ந்ததாக எழுதிக் கோப்பை மூடுவது வழக்கமாக இருந்தது. 1955இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லைக் கொன்ற வழக்கில், முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரை விடுதலை செய்தது. சில மாதங்களில், 1956 ஜனவரியில், அந்த இருவரும் ‘லுக்’ பத்திரிகைக்குத் தாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1964இல் அதே மாநிலத்தின் நெஷோபா கவுண்டியில் மூன்று உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டதில் துணை ஷெரிஃப் ஒருவருக்கே பங்கு இருந்தது. அந்தக் கொலைகளுக்காக மாநில அரசு ஒருவரையேனும் தண்டிக்க 2005வரை ஆயிற்று.

இப்படிப்பட்ட நிலத்தில் துப்பறிவாளரின் வேலை, தெரியாததைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லவைப்பதும், தானே சொல்லாமல் இருந்ததை ஒப்புக்கொள்வதும் அதில் சேரும். அவரை உடைப்பது அந்த அறிவின் சுமை. இந்த வகையின் சிறந்த நாவல்கள் இதை உணர்ந்திருக்கின்றன. சாதாரண நாவல்கள் இந்தப் பொதுக் காயத்துக்குப் பதில் ஒரு தனிக் காயத்தை வைத்துவிடுகின்றன: ஒரு பாட்டில் விஸ்கி, ஓர் இறந்த மனைவி. அந்தப் பண்டமாற்றில் நிறையப் போய்விடுகிறது. ஊரின் குற்றம் ஓர் ஆணின் துக்கமாகச் சுருங்குகிறது. பெண்ணின் உடல் அந்தத் துக்கத்துக்கு எரிபொருளாகிறது. 2014இல் லூசியானாவைக் களமாக வைத்து வந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தைப் பற்றியும் இதே விமர்சனம் எழுந்தது. வேலையை விட்டு விலகி, நீண்ட கூந்தலோடு பீர் டின்களை வெட்டியபடி விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் ரஸ்ட் கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கொல்லப்பட்ட பெண்ணின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

பேட்ஜே காயமாகும்போது

கறுப்பின எழுத்தாளர்கள் இந்த வகைக்குள் வந்ததும் கேள்வியே திரும்பிக்கொள்கிறது. வெள்ளைத் துப்பறிவாளர் பேட்ஜால் காயப்பட்டவராக இருக்கலாம். கறுப்பினத் துப்பறிவாளருக்கோ அந்தப் பேட்ஜே பரம்பரைக் காயம். வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் அடிமைகளைக் கண்காணித்த ரோந்துப் படைகளைப் பற்றி சாலி ஹேடன் 2001இல் எழுதிய வரலாறு, தெற்கின் காவல் பணிக்கும் அந்த ரோந்துகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய விவாதத்துக்கு ஆதாரமாக இருக்கிறது. அந்தத் தொடர்பு எவ்வளவு நேரடியானது என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கறுப்பின மக்களின் நினைவில் அந்த வேறுபாடு பெரிதல்ல.

அட்டிக்கா லாக்கின் ‘புளூபேர்ட், புளூபேர்ட்’ 2018இல் சிறந்த நாவலுக்கான எட்கர் விருது பெற்றது. டேரன் மேத்யூஸ் டெக்சாஸ் ரேஞ்சர் படையில் இருக்கும் கறுப்பினத்தவர். 1918இல் பொர்வெனீர் என்ற சிற்றூரில் மெக்சிக வம்சாவளியினர் 15 பேரைச் சுட்டுக்கொன்ற வரலாறு அந்தப் படைக்கு உண்டு. டேரனை வளர்த்தவர்கள் அவருடைய தந்தையின் இரட்டைச் சகோதரர்கள் இருவர். ஒருவர் ரேஞ்சர், சட்டத்தை உள்ளே நின்று நமக்காகத் திருப்ப வேண்டும் என்பவர். மற்றவர் சட்டப் பேராசிரியர். சட்டத்திடமிருந்தே நம் மக்களைக் காக்க வேண்டும் என்பவர். டேரனின் குடியும் மணவாழ்வின் விரிசலும் இந்த இழுபறியிலிருந்து முளைக்கின்றன. ஆகவே அவை கதைக்கு வெளியே ஒட்டிய அலங்காரமாகத் தெரிவதில்லை. கிழக்கு டெக்சாஸின் ஒரு சிற்றூரில் முதலில் ஒரு கறுப்பின வழக்கறிஞர், சில நாட்கள் கழித்து ஒரு வெள்ளைப் பெண் என இரண்டு உடல்கள் நீரோடையில் கிடைக்கின்றன. தெற்கின் வழக்கமான கதையில் வரிசை வேறு: முதலில் வெள்ளைப் பெண்ணின் பெயரில் ஒரு புகார், பிறகு கறுப்பின ஆணின் பிணம். வரிசை மாறியிருப்பதே டேரனுக்கு முதல் துப்பு. வரலாறு இங்கே தடயமாக வேலை செய்கிறது.

எஸ். ஏ. காஸ்பியின் ‘ஆல் தி சின்னர்ஸ் பிளீட்’ (2023) நாவலில் டைட்டஸ் கிரவுன் எஃப்.பி.ஐ.யில் நடந்த ஒன்றால் மனம் கசந்து வர்ஜீனியாவின் சாரன் கவுண்டிக்குத் திரும்பி, அங்கே முதல் கறுப்பின ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பள்ளியில் ஓர் ஆசிரியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்ட கறுப்பின இளைஞனை டைட்டஸின் உதவியாளர்கள் சுட்டு வீழ்த்துகிறார்கள். பிறகுதான் எல்லோரும் மதித்த அந்த ஆசிரியரின் முகம் வெளிப்படுகிறது: காணாமல் போன கறுப்பினக் குழந்தைகளின் கொலையில் அவருக்குப் பங்கு இருந்தது; அந்தக் குழந்தைகளை யாருமே தேடவில்லை. நீதிமன்ற வாசலில் கான்ஃபெடரேட் சிலை. அதைக் காக்க ஊர்வலம் வருவோருக்கும் பாதுகாப்புத் தர வேண்டியவர் டைட்டஸ்தான். இந்த நாவலில் தொடர் கொலையாளியின் சாகசம் சில இடங்களில் ஊரின் கதையை மூடிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் ஷெரிஃப் பதவி தேர்தலால் வருவது, அதற்கு ஓட்டு வேண்டும், அந்த ஓட்டை யார் போடுகிறார்கள் என்ற கணக்கை இவ்வளவு துல்லியமாகக் கதையாக்கியவர்கள் அதிகமில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்லவர் ஒருவர் பேட்ஜ் அணிந்தால் பேட்ஜ் மாறுமா என்ற கேள்வியை இவை எழுப்பினாலும், கதையின் இன்பம் அந்த நல்லவர் வெல்வதில்தான் இருக்கிறது. வடிவம் ஒரு பக்கம் இழுக்கிறது, சிந்தனை இன்னொரு பக்கம்.

உடையாதவர்கள்

காயம்பட்ட ஆண் துப்பறிவாளர் தவிர்க்க முடியாதவர் என்ற எண்ணத்துக்கு வலுவான மறுப்பு 1992இலேயே வந்துவிட்டது. பார்பரா நீலியின் ‘பிளாஞ்ச் ஆன் தி லாம்’ நாவலில் வட கரோலினாவின் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேரும் கறுப்பினப் பெண் பிளாஞ்ச், அங்கே நடக்கும் கொலைகளைப் புரிந்துகொள்கிறாள். அவளுக்குப் பேட்ஜ் இல்லை. போலீஸிடமிருந்து ஒளிந்துகொண்டிருப்பவளே அவள்தான். சமையல்காரியின் முன்னால் எஜமானர்கள் எதையும் பேசுவார்கள், அவள் காது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல என்பதே அவளுடைய துப்பறியும் முறை. அதே ஆண்டில் மார்கரெட் மேரன் அதே மாநிலத்தில் டெபோரா நாட் என்ற வழக்கறிஞரை அறிமுகப்படுத்தினார். கள்ளச்சாராயம் காய்ச்சியவரின் மகள், நீதிபதித் தேர்தலில் நிற்பவள், உடைந்து போகாதவள்.

அதற்கும் முன்னால், 1983இல், எர்னெஸ்ட் கெய்ன்ஸ் ‘எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்’ எழுதினார். லூசியானாவின் ஒரு தோட்டத்தில் ஒரு வெள்ளை விவசாயி சுடப்பட்டுக் கிடக்கிறான். ஷெரிஃப் மேப்ஸ் வரும்போது முற்றத்தில் வயதான கறுப்பினத்தவர்கள் கூடியிருக்கிறார்கள்; ஒவ்வொருவர் கையிலும் ஒரே வகைத் துப்பாக்கி, ஒரே எண்ணுள்ள சுட்ட தோட்டா. மேப்ஸ் ஒருவரை முன்னால் அழைத்து, யார் சுட்டது என்று கேட்டு அறைகிறார். நான்தான் என்கிறார் முதியவர். அடுத்தவரை அறைகிறார். அவரும் அதையே சொல்கிறார். பிறகு அறை வாங்க வரிசையே நிற்கிறது. ஒவ்வொருவரும் தான் ஏன் சுட்டேன் என்று சொல்லத் தொடங்கும்போது, பல பத்தாண்டுகளுக்கு முன் தன் வீட்டில் நடந்த ஓர் அநீதியைச் சொல்கிறார்.

‘யார் செய்தது’ என்ற கேள்வி அங்கே முற்றத்திலேயே நொறுங்கிவிடுகிறது. சொல்லப்படாமல் கிடந்த வழக்குகள் அனைத்தும் ஒரே மதியத்தில் விசாரணைக்கு வருகின்றன. விசாரிப்பவர் ஷெரிஃப் அல்ல. அறிவின் சுமையை ஒரு தனி ஆணின் தோளில் வைக்காமல் ஒரு கூட்டத்தின் வாயில் வைத்ததால், யாரும் குடித்து அழிய வேண்டியதில்லை. உடைந்த முன்னாள் துப்பறிவாளன் தெற்கின் இயல்பான வடிவம் என்று வாதிடும் எவரும் கெய்ன்ஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை விமர்சனம் இன்னும் முழுதாகத் தரவில்லை.

தேசத்தின் பாவம் சுமக்கும் இடமா?

இந்த விவாதம் முழுவதையும் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லும் ஒரு பார்வையும் உண்டு. லீ ஆன் டக் 2006இல் எழுதிய ஆய்வு, இனவெறியையும் பின்தங்கிய நிலையையும் தெற்கின் தனிக் குணமாகக் காட்டுவதன் மூலம் தேசம் தன்னை நவீனமானதாகக் கருதிக்கொள்கிறது என்று வாதிட்டது. சதுப்பும் பாசி தொங்கும் மரமும் பாழடைந்த தேவாலயமும் கொண்ட குற்ற நாவல் நியூயார்க் வாசகருக்கு ஓர் ஆறுதலையும் தருகிறது: குற்றம் அங்கே நடக்கிறது. சிகாகோவின் குடியிருப்புப் பிரிவினையும் கலிஃபோர்னியாவின் சிறைகளும் அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை. பிரான்ஸின் பெர்ட்ரான் தவெர்னியே ஜிம் தாம்சனின் தெற்கத்திய ஷெரிஃப் நாவலான ‘பாப். 1280’ஐப் பிரெஞ்சுக் காலனிய ஆப்பிரிக்காவுக்கு மாற்றி 1981இல் படமாக எடுத்தார். கதை அங்கே அப்படியே நின்றது. தெற்கு என்பது ஒரு நிலப்பகுதியா, ஓர் ஆட்சி முறையா என்ற கேள்வியை அந்தப் படம் எந்த விமர்சகரையும்விடச் சுருக்கமாகக் கேட்டுவிட்டது. பின்னாளில் பர்க்கின் சதுப்புநில நாவலையும் அவரே படமாக்கினார்.

இன்னும் தீராதவை

இந்தப் பதில்களில் எதுவும் தனித்து நிற்கவில்லை. வடிவம் சார்ந்த விளக்கம் முன்னாள் அதிகாரி ஏன் வசதியானவர் என்று சொல்கிறது. அவர் ஏன் தூங்க முடியாதவர் என்று சொல்லவில்லை. காதிக் விளக்கம் தூக்கமின்மையைச் சொல்கிறது, குற்றவாளியைத் தவறவிடுகிறது. ஊரறிந்த குற்றத்தைச் சுமப்பவர் என்ற விளக்கம் பர்க், லாக் ஆகியோரின் சிறந்த நாவல்களுக்குப் பொருந்தினாலும், இந்த வகையில் குவியும் எல்லா நாவல்களுக்கும் பொருந்தாது. பலவற்றில் காயம் வெறும் பழக்கமாகிவிட்டது.

2024இல் வந்த லாக்கின் மூன்றாவது டேரன் மேத்யூஸ் நாவலான ‘கைட் மீ ஹோம்’ கதையில் அவர் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பேட்ஜ் இல்லாமல் நியாயம் தேடுவது சாத்தியமா, அது தனியாள் பழிவாங்கலாக மாறாமல் இருக்குமா என்பதற்கு இந்த வகை இன்னும் உறுதியான விடை காணவில்லை. கும்பல் கொலைகளுக்கு இரையானவர்களுக்காக அலபாமாவின் மாண்ட்கமரியில் 2018இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கவுண்டிக்கு. ஷெரிஃபின் அதிகார எல்லையும் இந்த நாவல்களின் களமும் அதே கவுண்டிதான். ஆவணமே பெயர்களைச் சொல்லத் தொடங்கிய பிறகு, புனைவு சொல்ல வேண்டியது என்ன என்ற கேள்வியும் புதிதாக எழுந்திருக்கிறது.

தெற்கின் கிராமமும் மாறிவிட்டது. 2019 ஆகஸ்டில் மிசிசிப்பியின் கோழி இறைச்சி ஆலைகளில் குடியேற்றத் துறை நடத்திய சோதனையில் ஒரே நாளில் 680 பேர் கைதானார்கள். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள். கொலையைக் கண்ணால் கண்டாலும் போலீஸிடம் போக முடியாத ஒரு பெரிய கூட்டம் அங்கே இன்று வாழ்கிறது. 1988இல் வந்த நாவலிலேயே, நீரில் விழுந்த விமானத்திலிருந்து எல் சால்வடார் சிறுமி ஒருத்தியை ராபிஷோ காப்பாற்றி மகளாக வளர்க்கிறார். ஆனால் அந்த மக்களே விசாரிப்பவர்களாக மையத்தில் நிற்கும் நாவல்கள் இந்த வகையில் அரிது. உள்நாட்டுப் போரிலும் அடிமை முறையிலும் வேர்கொண்ட பழைய குற்றவுணர்வின் மொழி அவர்களுடைய கதைக்குப் போதுமா, அல்லது அவர்கள் எழுதும்போது இந்த உடைந்த துப்பறிவாளரே தேவையற்றுப் போய்விடுவாரா என்பது இப்போதைக்குச் சொல்ல முடியாத ஒன்று.